நானாக நிறுத்திய மாத்திரை

எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். முடக்குவாதம் வந்து விரல்கள் வீங்கி, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போனது. போர்டில் எழுத வேண்டியதையெல்லாம் வாயால் சொல்லிச் சமாளித்தேன். திருநெல்வேலி டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது, அதை அடக்கி வைக்கும் மருந்து இது என்றார். சில மாதங்களில் சேலைக்கு நானே ஊக்கு குத்திக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து, குளிக்கும்போது கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. மருந்தை ஆரம்பித்த அன்றே டாக்டர் சொல்லியிருந்தார்: "அபூர்வமா சிலருக்கு இதனால புற்றுநோய் வரலாம். எங்கயாவது கட்டி தெரிஞ்சா உடனே வாங்க."

நான் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன்.

ஒரு மாதத்தில் விரல்கள் மறுபடி மடங்க மறுத்தன. ஒருநாள் காலை காப்பி டம்ளர் கை நழுவி விழுந்தது. என் கணவர் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மாத்திரை சாப்பிடுதியா, இல்லையா?"

"இல்ல."

"ஏன்?"

அவர் கையைப் பிடித்துக் கழுத்தில் வைத்தேன். விரலால் கட்டியைத் தடவிப் பார்த்தார்.

"இத வச்சிக்கிட்டா இத்தன நாளு வாயத் தொறக்காம இருந்த?" என்றார்.

மறுநாளே திருநெல்வேலிக்குப் போனோம். கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் என் எட்டு வயது மகளுக்குத் தானே சடை பின்னிக்கொள்ளப் பழக்கினேன்.

பத்தாம் நாள் டாக்டர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "புற்றுநோய் இல்லம்மா. ஏதோ கிருமி தொத்தி நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப அந்த மாத்திரை?"

"ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது ரொம்பக் கொஞ்சம். மருந்த நிறுத்தினா உங்க கை போறது நிச்சயம். இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க. வரும்போதெல்லாம் ரத்தமும் பாப்போம், கழுத்து, அக்குள் எல்லாம் தடவிப் பாப்போம். இனிமே நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது."

வெளியே வந்ததும் என் கணவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஓட்டலில் எட்டு இட்லி சாப்பிட்டார். இத்தனை நாளும் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பாட்டுக்குப் பின் மாத்திரையைப் பிரித்து என் கையில் வைத்தார். விழுங்கினேன்.

பஸ்ஸில் ஏறியதும் தூங்கிப்போனேன். பாதி வழிக்கு மேல், பனவடலிசத்திரம் தாண்டித்தான் கண் விழித்தேன்.