அட்டை கடிக்காத நெறி

அறுபத்து நான்கு வயதில், தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் எனக்கு ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவுதான். வலி கிடையாது. அதுவே வினையாகப் போயிற்று. வலித்து நான் கத்தியிருந்தால் என் வீட்டுக்காரர் காது கொடுத்திருப்பார்.

எங்களுக்குப் போடியில் வீடு, மலையில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். மழைக்காலத்தில் தோட்டத்துக்குப் போனால் அட்டை கடிக்காமல் திரும்ப முடியாது. கடித்த இடம் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டி வீங்கும். இது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதனால் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வைத்தியம் சொல்லிவிட்டார், சுண்ணாம்பும் தேனும் குழைத்துப் போடச் சொன்னார். போட்டேன். தோல் வெந்ததுதான் மிச்சம்.

மழை நின்றது. மாசி வந்தது. அட்டையும் இல்லை, காலில் புண்ணும் இல்லை, கட்டி மட்டும் இருந்தது. அது பழைய நெறி என்றார். நெறி எங்காவது படுத்தால் உள்ளே போகுமா? இது போனது. இருமினால் வெளியே வந்தது. குடலிறக்கமாக இருக்குமோ என்று கேட்டேன். அது ஆம்பளைகளுக்கு வருவது என்று சிரித்தார். அவருடைய அண்ணன் ஐந்து வருசமாக வைத்துக்கொண்டு நன்றாகத்தான் நடமாடுகிறாராம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரிடம் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் போனேன். நிற்கவைத்து இருமச் சொன்னார், படுக்கவைத்துப் பார்த்தார். குடலிறக்கமேதான். ஆண்களுக்கு வலியில்லாமல் சின்னதாக இருந்தால் கவனித்துக்கொண்டு காத்திருக்கலாமாம். பெண்களுக்கு இந்த இடத்தில் வந்தால் வழி குறுகல், குடல் திடீரென்று சிக்கிக்கொள்ளும், ஆகவே தள்ளிப்போடக் கூடாது என்றார். அதற்குள் கட்டி இறுகி வலித்தாலோ, வாந்தி வந்தாலோ அந்த நிமிசமே வரவேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னேன். கடைசிக் காய் எடுக்கிற நேரம், ஆள் கிடைக்காத நேரம் என்று அவர் எரிந்து விழுந்தார்.

"வலிக்கட்டும். அப்பப் பாத்துக்கிருவோம்."

"பாத்துக்கிருவோம்னு சொல்ல இது உங்க வயிறு இல்ல" என்றேன்.

முப்பத்தெட்டு வருசக் குடித்தனத்தில் அவரைக் கேட்காமல் நான் ஒரு செம்புகூட வாங்கியதில்லை. மறுவாரம் என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் படுத்தேன். கையெழுத்தை நானே போட்டேன்.

ஆபரேசன் முடிந்த மறுநாள் இளநீரோடு வந்து சேர்ந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், நல்லவேளை வெரசாகக் கூட்டிவந்துவிட்டோம் என்று அவர் சொல்வதைக் கட்டிலில் கிடந்தபடி கேட்டேன். தையல் இழுக்க இழுக்க எழுந்து உட்கார்ந்தேன்.

"இவரு கூட்டியாரல. நானா வந்தேன். இவரு பேச்சக் கேட்டிருந்தா நீங்க என் கருமாதிக்குத்தான் வந்திருப்பீக."

அவர் இளநீரை என்னிடம் நீட்டினார். ராத்திரியெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் தங்கச்சி, அவளுக்குக் கொடுங்கள் என்றேன்.