அடுத்த கேள்வியைப் படி

துர்காதேவி ஆஸ்திரேலியாவைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பைப் செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு ஸ்டோர்ஸ் வேலை. கையுறை, போல்ட், நட்டு என்று வந்து கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். மதியம் மணி அடித்ததும் டிபன் பாக்ஸோடு ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால், காலி மரப்பெட்டிகளின் நிழலில் போய் உட்காருவாள். அந்த நேரத்துக்குப் பெர்த் நகரத்தில் முனிகிருஷ்ணன் வேலை முடித்து அறைக்குத் திரும்பிக்கொண்டிருப்பான். போன் வரும். ஒரு கையால் சாதத்தைப் பிசைந்தபடி அவள் கேள்விகளைப் படிப்பாள்.

முனிகிருஷ்ணன் அவள் புருஷன். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் ஒப்பந்த வெல்டராக இருந்தவன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஊரில் இருந்தான். ஆஸ்திரேலியா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு தடவை, அப்பாவின் கருமாதிக்கு வந்து போனான். குழந்தை இல்லை. கும்மிடிப்பூண்டி வீட்டில் துர்காவும் மாமியார் கங்கம்மாவும் மட்டும்தான். முதலில் விசா, அப்புறம் நிரந்தரமாகத் தங்க அனுமதி, அதற்கும் அப்புறம் குடியுரிமை. அது கிடைத்துவிட்டால் உன்னைக் கூப்பிட்டுக்கொள்வது சுலபம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். குடியுரிமைக்கு ஒரு பரீட்சை உண்டு. அந்த நாட்டின் சட்டம், சரித்திரம், அங்கே மனிதர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதிலிருந்தெல்லாம் இருபது கேள்வி. முனிகிருஷ்ணன் இங்கிலீஷில் பேசிச் சமாளித்துவிடுவான். படிக்க உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும். துர்கா பி.காம். அவள் புத்தகத்தைப் படித்துத் தமிழில் விளக்கிச் சொல்லி, பிறகு இங்கிலீஷில் கேள்வி கேட்பது என்று ஏற்பாடாயிற்று.

அந்த நாட்டின் தலைநகரம் சிட்னி இல்லை, கான்பெரா என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. பார்லிமென்டில் இரண்டு சபை. இங்கிலாந்து ராஜாவின் இடத்தில் ஒரு கவர்னர் ஜெனரல். அரசியல் சட்டத்தை மாற்றுவதானால் ஜனங்களிடமே ஓட்டெடுக்க வேண்டும். ஓட்டுப் போடாமல் வீட்டில் படுத்துக்கொண்டால் அபராதம். கூட வேலை பார்த்த ஏஞ்சல் ஒருநாள், நீயும் உன் வீட்டுக்காரரும் இதைத் தவிர வேறொன்றும் பேசமாட்டீர்களா என்று கேட்டாள். துர்கா யோசித்துப் பார்த்தாள். பேச இதாவது கிடைத்ததே என்றுதான் தோன்றியது. அதற்கு முன்னால், சாப்பிட்டாயா, அம்மா சாப்பிட்டதா என்பதற்கு மேல் அவர்கள் பேச்சு போனதில்லை.

புத்தகத்தின் கடைசிப் பகுதியை எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அந்தப் பகுதியிலிருந்து வரும் ஐந்து கேள்விகளில் ஒன்று தப்பினாலும் பரீட்சை போயிற்று என்று முனிகிருஷ்ணன் முன்பே சொல்லியிருந்தான். இரண்டு மூன்று கேள்விகள் போயின. நாலாவதை அவள் இங்கிலீஷில் படித்தாள். மனைவி பேச்சைக் கேட்கவில்லை, மரியாதை இல்லாமல் நடந்துகொண்டாள் என்றால் கணவன் அவளை அடிக்கலாமா? கூடவே மூன்று பதில்கள் இருந்தன. அவற்றை அவள் படிக்கத் தொடங்கும் முன்பே அவன் சொல்லிவிட்டான்.

"நெவர்."

துர்கா அந்த மூன்று பதில்களையும் மனதுக்குள் படித்தாள்.

"இன்னா, கரெக்ட்டா?"

"கரெக்ட்."

"அப்போ அடுத்த கேள்வியைப் படி. ரூம் வந்துரும்."

படித்தாள். எந்த மதத்தையும் பின்பற்ற அங்கே உரிமை உண்டா என்று கேள்வி. உண்டு.

அவன் அவளை முதலில் அறைந்தது கல்யாணமான நாலாம் மாதம். பள்ளிப்பட்டில் அம்மா வீட்டுக்குப் போனவள் சொன்னதைவிட ஒருநாள் பிந்தி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாள். போன் பண்ண முடியாதா என்றான். பண்ணினேன், நீங்கதான் எடுக்கவில்லை என்றாள். அதற்குத்தான். அவன் குடிக்கிறவன் இல்லை. எதிர்த்துப் பேசினால் மட்டும் கை வந்துவிடும். இரண்டு வருஷத்தில் அப்படி ஐந்தாறு தடவை இருக்கும். ஒருமுறை இடது காதில் விழுந்த அடியில் இரண்டு மாதம் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. கங்கம்மாவிடம் சொன்னதற்கு, அவன் அப்பன் என்னை அடிக்காத அடியா என்று சொல்லிவிட்டு மீனை அலசப் போய்விட்டாள். அவன் வெளிநாடு போன அன்று ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும்போது துர்காவுக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. வண்டியில் தூங்கிவிட்டாள்.

அந்தப் பகுதியில் ஒன்றும் தப்பக்கூடாது என்று அவன் அதையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னான். பல வாரம் அந்தக் கேள்வியை அவள் படித்தாள். முதல் தடவை டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவிட்டாள். பிறகு முழுவதும் சாப்பிட்டாள். கொடியின் நிறம், தலைநகரம், அடிக்கலாமா, கவர்னர் ஜெனரல் எல்லாம் அவளுக்கு ஒன்றுபோல ஆகிவிட்டன. அவனும் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

பரீட்சையில் தேறினான். கங்கம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தாள். சில மாதம் கழித்து உறுதிமொழி எடுக்கும் விழா நடந்து, கோட்டு போட்டுக்கொண்டு அவன் நிற்கும் போட்டோ வந்தது. அக்கம்பக்கத்தில் துர்காவின் கையைப் பிடித்துச் சந்தோஷம் சொன்னார்கள். அவளும் சிரித்தாள்.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க அங்கன்வாடி டீச்சர் ஜோதிலட்சுமி வந்தபோது கங்கம்மா கடைக்குப் போயிருந்தாள். முனிகிருஷ்ணன் பெயரைப் படித்துவிட்டு, ஊரில் இருக்கிறாரா என்று டீச்சர் கேட்டார். அவர் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டார், இனிமேல் இந்தியர் இல்லை என்று துர்கா சொன்னாள். அப்படியென்றால் பெயரை எடுக்க வேண்டும் என்றார் டீச்சர். வழக்கமாகச் செத்தவர்களையும் வீடு மாறினவர்களையும்தான் எடுத்திருக்கிறேன், இது எனக்கே முதல் தடவை என்றும் சொன்னார். படிவத்தில் அவர் காட்டிய இடத்தில் துர்கா கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு தனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பார்த்தாள். வெயில் ஏறுகிறது என்று தோன்றியது. துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.

பொங்கலுக்கு முனிகிருஷ்ணன் சொந்த ஊருக்கே விசா வாங்கிக்கொண்டு வந்தான். சதை போட்டிருந்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் தேங்க்ஸ் என்றான். கங்கம்மாவுக்கு மகனைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் காலையில் துர்கா அடுப்பில் நிற்க, அவன் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே விசா விஷயத்தைப் பேசினான். அங்கே வந்து நாலைந்து வருஷத்தில் நீயும் அந்தப் பரீட்சையை எழுதலாம், உனக்குத்தான் புத்தகமே மனப்பாடமாயிற்றே என்றான். அவள் அடுப்பைத் தணித்தாள்.

"அதுல பொண்டாட்டிய அடிக்கலாமான்னு ஒரு கேள்வி வருமே. நான் படிக்கறதுக்குள்ள நெவர்னு சொல்லுவீங்க."

"ஆமா."

"சொல்றப்போ இன்னா நெனச்சீங்க?"

"நெனைக்கறதுக்கு இன்னா கீது? ஆன்ஸர் அதான்."

"என் நெனப்பு வரலியா?"

அவன் வெங்காயத்தைக் கீழே வைத்தான். முகத்தில் கோபம் இல்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"துர்கா, அங்கல்லாம் கை வெக்க முடியாதும்மா. போலீஸ் வந்துரும். வேலையே போய்டும். நீ அங்க வந்துட்டா உனுக்கு அந்த பயமே வாணாம்."

"இங்க?"

அவன் வெங்காயத்தை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினான். தனக்கு ஆத்திரம் வரும் என்று துர்கா எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. எண்ணெய் காய்ந்திருந்தது, கடுகைப் போட்டாள். மூன்று வாரம் இருந்துவிட்டு அவன் திரும்பிப் போனான். அதுவரை அவன் குரல்கூட உயரவில்லை.

விசாவுக்கு அவன் அங்கிருந்தே விண்ணப்பித்துவிட்டான். இவள் சென்னைக்குப் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு காலை ரயிலில் ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கவரைப்பேட்டை போயிற்று, பொன்னேரி போயிற்று. மீஞ்சூரில் ரயில் நின்றபோது எழுந்து இறங்கிவிட்டாள். இறங்க வேண்டும் என்று அவள் முடிவு பண்ணவில்லை. கூட்டம் இறங்கியது, அவளும் இறங்கியிருந்தாள். ரயில் கிளம்பிப் போவதைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த ரயில் வந்தது, அதிலும் ஏறவில்லை. எதிர்ப் பக்கம் கும்மிடிப்பூண்டி வண்டி வருவதாக அறிவித்தபோது படியேறி அந்தப் பக்கம் போனாள். மதியத்துக்குமேல் வேலையில் சேர்ந்துகொண்டாள். என்ன அதற்குள் வந்துவிட்டாய் என்று ஏஞ்சல் கேட்டதற்கு, வேலை முடிந்துவிட்டது என்றாள்.

சாயங்காலம் முனிகிருஷ்ணன் கூப்பிட்டான். கைரேகை கொடுத்தாயா என்று கேட்டான்.

"போவல. இனிமேலும் போவ மாட்டேன். எனக்கு அங்க வரணும்னு இல்ல."

அந்த வெங்காயப் பேச்சா என்று அவன் கேட்டான். ஆமாம் என்றாள். பழசை எல்லாம் கிளறிக்கொண்டிருந்தால் யாரும் வாழ முடியாது என்று ஆரம்பித்தான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முடித்ததும், சரி வைக்கட்டுமா என்று கேட்டு வைத்தாள். அதன் பிறகு அவன் கூப்பிடுவது குறைந்தது. அம்மாவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது.

அன்றைக்குக் கங்கம்மா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். துர்கா போனை வைத்துவிட்டு வந்ததும், கால்களை நீட்டித் தேய்த்தபடியே கேட்டாள்.

"எனுக்கோசரம் நிக்கிறியா?"

"இல்ல அத்த."

"அவன் கை நீட்டினதுக்கா?"

"ஆமா."

இந்தத் தடவை கங்கம்மா அவன் அப்பனைப் பற்றிப் பேசவில்லை. துர்கா விளக்கைப் போட்டாள். காலைக்கு மாவு இருக்கிறதா என்று கங்கம்மா கேட்டாள். இருக்கிறது என்றாள் துர்கா.