இருபதாவது கிண்டார்வி

திருச்செங்கோட்டில் ரிக் வண்டித் தொழிலில் இருப்பவர்களுக்குக் கிண்டார்வியைத் தெரியும். முப்பத்தோரு வருடம் டிரில்லராக இருந்தார். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வண்டி போன இடமெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு போட்டார். வருடத்தில் பத்து மாதம் வெளியே. முழங்கால் இரண்டும் போன பிறகு ஊரோடு வந்து, சங்ககிரி ரோட்டில் ஒரு பட்டறையில் பாறையைத் துளைத்துத் தேய்ந்த பிட்டுகளைச் சாணை பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

இது என்ன பெயர் என்று கேட்பவர்களிடம் “டாக்டர் பேருங்க” என்பார். அதற்கு மேல் அவருக்கே தெரியாது.

அவருடைய அம்மா பொன்னாத்தாளுக்கு முதல் மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதற்குக் குப்பன் என்று பெயர் வைத்துக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்தாள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. எமன் விடவில்லை. நான்காவது பிரசவத்துக்கு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்து பிள்ளையை எடுத்தார். அந்த அம்மாவின் பெயரையே பிள்ளைக்கு வைத்தாள் பொன்னாத்தாள். எமனுக்கு வாயில் நுழையாத பெயராக இருக்கட்டும் என்றாள். பிள்ளை தங்கியது. டாக்டரம்மா கொஞ்ச காலத்தில் சொந்த நாட்டுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது.

பட்டறையில் அவரைக் கிண்டாரி என்றார்கள். மனைவி ராசம்மாள் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. கணவன் பெயரைச் சொல்லாத வளர்ப்பு. “இவரு” என்பாள், இல்லாவிட்டால் “தர்ஷனப்பா.”

மகன் தர்ஷன் மேல்படிப்புக்கு வெளிநாடு போகக் கிளம்பியபோது பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியவன் முனீர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவனுக்கு ஜெராக்ஸ் கடை. விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. இங்கே யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. எல்லோருக்கும் செய்வதைப் போல முனீர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டான்.

தர்ஷன் போன இடம் ஸ்காட்லாந்து. படிப்பு முடிந்ததும் வடகிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. சட்டையில் பெயர் அட்டை குத்தியிருக்க வேண்டும். இரண்டாம் நாள், தன் அண்ணனைப் பார்க்க அங்கே வந்த ஒரு கிழவி அந்த அட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். படுக்கையில் கிடந்த அண்ணனின் தலைமாட்டிலும் அதே பெயர்தான் எழுதியிருந்தது.

அவர் பெயர் இசபெல் கிண்டார்வி. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்தப் பெயர் எங்கே பிறந்தது, யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தேடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஆக்னஸ் அவருடைய அத்தை.

அதன் பிறகு முனீரின் கடைக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. தர்ஷன் அப்பாவுக்காகக் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரி அந்தக் கடையுடையது. எல்லாக் கடிதங்களுக்கும் தலைப்பு ஒன்றேதான்: கிண்டார்வி. ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. பதினோரு மணிக்கு அவர் கடைக்கு வருவார். முனீர் அந்த வாரம் வந்ததைத் திறந்து, முன்கூட்டிப் படிக்காமல், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வான். பதிலையும் அவனே எழுதுவான்.

கிண்டார்வி என்பது முதலில் ஆள் பெயரே இல்லையாம். மலைச்சரிவில் ஒரு பண்ணையின் பெயர். அங்கே குடியிருந்தவர்களுக்கு அது ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் முதன்முதலாக எழுத்தில் அகப்பட்ட மனிதர், நானூறு வருடத்துக்கு முன்னால் பசு திருடியதாக வழக்கில் நின்ற ஒருவர். 1881 கணக்கெடுப்பில் அறுபத்திரண்டு பேர், பெரும்பாலும் இரண்டே ஊர்களில். பிறகு மீன்பிடிப் படகில் சிலர், நியூசிலாந்துக் கப்பலில் சிலர். இன்றைக்கு அந்த நாட்டில் மிச்சம் பத்தொன்பது பேர். இசபெல்லிடம் ஒரு வரைபடம் இருந்தது. அதில் அவர் இருபதாவதாக ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் தர்ஷன் என்று எழுதியிருந்தார். படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

குடும்பப் பெயர் என்றால் என்ன என்று கிண்டார்வி கேட்டார். நம்ம பக்கம் குலத்தைக் கூட்டம் என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி என்றான் முனீர். அப்படியானால் அந்தக் கூட்டத்துக்குக் கோயில் எங்கே என்று எழுதச் சொன்னார். பதில் வந்தது. கோயில் இல்லை, ஒரு சர்ச் உண்டு, அதன் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள், உங்களைப் பிரசவத்தில் எடுத்த அத்தையும் அங்கேதான் இருக்கிறார் என்று.

பட்டறை முதலாளி தனசேகர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, விசாரிச்சுப் பாத்தா மாட்டுத் திருடன் வம்சமுங்களா நீங்க? சாமானெல்லாம் எண்ணி வெக்கோணும்” என்றார். கிண்டார்வி அதை வீட்டில் வந்து சொன்னார். ராசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தர்ஷன் இசபெல்லின் வீட்டு மாடி அறைக்கே குடிபோனான். அத்தை என்று கூப்பிட்டான். ஒரு தடவை வீடியோ அழைப்பில் இசபெல், உன் அம்மா அப்பாவை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டார். தர்ஷன் அதைத் தமிழில் சொன்னதும் ராசம்மாள் போனை மகள் மோகனப்பிரியாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தான் முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லாத பெயர் முன்பின் தெரியாத ஒரு கிழவிக்கும் பெயர் என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

முதியோர் இல்லத்துப் படிவத்தில், ஆபத்து நேரத்தில் யாருக்குத் தகவல் சொல்வது என்ற இடத்தில் தர்ஷன் இசபெல் கிண்டார்வி என்று எழுதியிருந்தான். உறவு என்ற இடத்தில் அத்தை. அவன் பொய் எழுதவில்லை. கூப்பிடுவதை எழுதினான்.

போன வருடம் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ரோட்டில் பனி உறைந்திருந்தது. சைக்கிளில் வேலைக்குப் போனவன்மேல் ஒரு வேன் சறுக்கி வந்து ஏறியது. போலீஸ் அத்தைக்குச் சொன்னது. பெயரும் ஒன்றாக இருந்ததால் சொந்தத்துக்குச் சொல்லியாயிற்று என்று குறித்துக்கொண்டது. எழுபத்தெட்டு வயது இசபெல்லிடம் இவர்களுடைய போன் எண் இல்லை. அது தர்ஷனின் போனில் இருந்தது. போன் நொறுங்கிவிட்டது. அவர் தனக்குத் தெரிந்த முகவரிக்கு எழுதினார். தலைப்பைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்.

முனீர் புதன்கிழமையே அதைப் பார்த்தான். தலைப்பு: கிண்டார்வி. பெயரைப் பற்றித்தான் இன்னும் ஏதோ கண்டுபிடித்திருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தான். அந்த நான்கு நாளும் ராசம்மாள் தர்ஷனுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். சளி எப்படி இருக்கிறது, மோகனாவின் பிள்ளை நிற்கிறது, சாப்பிட்டாயா சாமி. வேலை அதிகமானால் அவன் இரண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பது உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கிண்டார்வி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முனீர் கடிதத்தைத் திறந்தான்.

“அன்புள்ள திரு. கிண்டார்வி” என்று தொடங்கினான். “இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று…”

நிறுத்தினான். வாய்க்குள் படித்தான். பிறகு எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

“என்னப்பா?” என்றார்.

முனீர் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துதான் சொன்னான். முழுவதும் சொன்னான். இசபெல் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அடையாளம் காட்ட அவரைத்தான் அழைத்தார்கள். முகத்தைக் காட்டவில்லை, காட்டும்படி இல்லை என்றார்கள். கையைக் காட்டினார்கள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இருந்தது.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது. உடலை ஊருக்கு அனுப்புவதற்குத் தூதரகத்தில் ஏற்பாடு உண்டு. அது உங்கள் உரிமை. ஒருவேளை இங்கேயே என்று நீங்கள் நினைத்தால், என் அத்தைக்குப் பக்கத்தில் ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. எனக்காக வைத்திருந்தது. அதைத் தர்ஷனுக்குக் கொடுக்கிறேன்.

கிண்டார்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, “மூஞ்சி சமாச்சாரம் ஊட்டுல தெரிய வேண்டாம்” என்றார்.

ராசம்மாள் அழுது முடித்த இரண்டாம் நாள் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். அதற்கப்புறம் அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். “எப்பக் கொண்டாருவாங்க? நான் மூஞ்சியப் பாக்கோணும்.” சொந்தக்காரர்களும் கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். தர்ஷனோடு படித்தவர்கள் தூதரகத்துக்கு எழுதினார்கள். கிண்டார்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வியாழக்கிழமை முனீரிடம் போய், அங்கேயே புதைக்கட்டும் என்று எழுதச் சொன்னார்.

ராசம்மாள் அக்காவிடம் கேட்டீர்களா என்றான் முனீர்.

அதற்கு அவர் சத்தீஸ்கரில் நடந்த ஒன்றைச் சொன்னார். பதினைந்து வருடம் இருக்கும். பனமரத்துப்பட்டிப் பையன் ஒருவன் வண்டியில் வேலை செய்தான். கம்பி விலகி முகத்தில் அடித்தது. கிண்டார்விதான் இரண்டு நாள் ஆம்புலன்ஸில் கூடவே உட்கார்ந்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். துணியை விலக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அவனைப் பெற்றவள் விலக்கிவிட்டாள். ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனவர் அந்த வீட்டில் எட்டிப் பார்த்தார். மகன் எப்படி இருப்பான் என்பதே அந்தப் பெண்ணுக்கு மறந்திருந்தது. போட்டோவைக் காட்டினால் இது யாரோ என்றாள். கடைசியாகப் பார்த்தது மட்டுமே அவளிடம் இருந்தது.

“இவளுக்கு அப்பிடி ஆகக்கூடாது. பழைய மூஞ்சியே இருந்துட்டுப் போகட்டும்.”

“காரணத்தையாச்சும் சொல்லீருங்கண்ணா.”

“சொன்னாப் பாத்த மாதிரிதான் அது.”

முனீர் எழுதினான்.

வீட்டில் வேறு காரணங்களைச் சொன்னார். விசாரணை முடிய நாளாகும். கொண்டுவர இரண்டு மாதம்கூட ஆகலாம். கல்யாணமாகாத பிள்ளையை நம் வழக்கத்திலும் புதைக்கத்தானே செய்கிறோம். பக்கத்தில் டாக்டரம்மா இருக்கிறார், தனியாக இல்லை. ராசம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள்.

“டாக்டரம்மா பக்கத்துல உங்களப் பொதைக்கச் சொல்லுங்க” என்றாள். “எம்பையன எனக்குக் குடுங்க.”

சொந்தக்காரர்கள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிடிவாதமாக இருந்தார். வெள்ளைக்காரி ஏதோ சொல்லி மயக்கிவிட்டாள், பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மகனையே தாரை வார்க்கிறான் என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். தனசேகர்கூடப் பட்டறையில் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

பிப்ரவரி நடுவில் அடக்கம். அங்கே காலை பதினோரு மணி, இங்கே மாலை நாலரை. முனீர் கடை லேப்டாப்பைக் கொண்டுவந்து வீட்டுக்குள் ஸ்டூல்மேல் வைத்தான். ராசம்மாள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மோகனப்பிரியா கைப்பிள்ளையோடு பின்னால் நின்றாள். திரையில் ஈரமான புல், சாய்ந்த கற்கள், கறுப்புக் கோட்டுப் போட்ட ஏழெட்டுப் பேர். அவர்களில் நான்கு பேர் கிண்டார்விகள். இருநூறு மைல் தள்ளியிருந்த ஒருவர்கூட வந்திருந்தார். பெட்டி மூடியிருந்தது. பாதிரியார் முழுப் பெயரையும் சொல்லிப் படித்தார்.

“முனீரு” என்றாள் ராசம்மாள். “பொட்டிய ஒருக்காத் தொறக்கச் சொல்லு கண்ணு.”

முனீர் கிண்டார்வியைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். முனீர் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில், நீங்கள் எல்லோரும் வந்ததற்கு நன்றி என்று சொன்னான். பிறகு ராசம்மாளிடம், “அங்க அது வழக்கமில்லையாமுங்கக்கா” என்றான். மோகனப்பிரியா கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். ஒரு கயிற்றை இசபெல் பிடித்திருந்தார்.

பத்து நாள் கழித்து ராசம்மாள் மகளோடு அவள் வீட்டுக்கு, ஈரோட்டுக்குப் போனாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். எட்டு மாதம் ஆனது. கிண்டார்வி சோறு வைக்கப் பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெராக்ஸ் கடைக்குப் பதிலாக ஈரோட்டுப் பேருந்தில் ஏறினார். அவள் சோறு போடுவாள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். மகனைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

அக்டோபரில் கல் நட்டுவிட்டதாக இசபெல் எழுதியிருந்தார். படமும் வந்தது. தர்ஷன் கிண்டார்வி, திருச்செங்கோடு, அதன் கீழே வருடங்கள். முனீர் அதைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தான். அந்த வாரம் ஈரோட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அதை ராசம்மாளிடம் கொடுத்தார். மோகனப்பிரியா துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தாள்.

ராசம்மாள் படத்தைப் பார்த்தாள். மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“மூஞ்சி இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க” என்றாள்.

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“மோகனா அந்தம்மாளுக்கு எழுதிக் கேட்டா. பொட்டியத் தொறக்கச் சொன்னனே, அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சா கேட்ட?”

“மூஞ்சி போனாப் போகுது. கை இருந்துச்சாமல்ல.” அவள் குரல் சாதாரணமாக இருந்தது. “கயிறு கட்டுன கை. அதப் புடிச்சுட்டு உக்காந்திருப்பனல்லங்க.”

மேலே மோகனப்பிரியா துணியை உதறும் சத்தம் கேட்டது.

“அப்பவே ஏன் புள்ள சொல்லல?” என்றார்.

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

அவள் எழுந்து குழம்புச் சட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். ஐந்தே கால் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான், சாப்பிடுங்கள் என்றாள்.