எடைக்காரரின் நாலு டயர்

வெர்லின் ஆஸ்ட்ரண்டர் முப்பத்தெட்டு வருடம் ஊரார் வண்டிகளை எடை போட்டவர். நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊரின் தானியக் கிடங்கில், எடை மேடைக்கு அவர்தான் ராஜா. சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறினால் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பார். அப்புறம் விவசாயியின் முகத்தைப் பார்ப்பார். மறுபடி முள்ளைப் பார்ப்பார். ஈரம் கூடுதல், தூசி கூடுதல் என்று கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் சீட்டைக் கிழிப்பார். யாராவது முணுமுணுத்தால் ஒரே பதில்தான் வரும். "நானா சொல்றேன்? முள்ளு சொல்லுது."

அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்றதும் ஒரு வீட்டு வண்டி வாங்கினார். பிக்கப் வண்டியின் முதுகில் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற ரகம், முப்பத்தெட்டு அடி நீளம். உள்ளே குளிர்காயும் அடுப்பு, சாய்ந்தால் காலைத் தூக்கிவிடும் தோல் நாற்காலி இரண்டு, பொத்தானை அழுத்தினால் மேசைக்குள்ளிருந்து எழுந்து வரும் டிவி. ஊரில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கிற விலையை அதற்குக் கொடுத்தார். கொடுக்கும்போது பேரம்கூடப் பேசவில்லை. ஆனால் அந்த வண்டியைத் தாங்குகிற டயருக்கு, ஒன்றுக்கு நாற்பது டாலர் கூடுதலாகக் கேட்டால் மட்டும் மனிதருக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

நவம்பரில் ஊரில் பனி விழுந்தால், வெர்லினும் மனைவி ஆர்டித்தும் அரிசோனாவில் குவார்ட்ஸைட் பாலைவனத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்களைப் போல ஆயிரக்கணக்கான கிழடுகள் வண்டியோடு அங்கே வந்து முகாம் போட்டு ஏப்ரல் வரை கிடக்கும். அங்கே ஆண்களுக்கு இரண்டே வேலை. காலையில் வாளியை எடுத்துக்கொண்டு போய் வரிபோட்ட கல், சிவப்புக் கல், கல்லாகிப் போன மரத்துண்டு என்று பொறுக்குவது. மற்ற நேரத்தில் அடுத்தவன் டயரைப் பற்றிப் பேசுவது. வெர்லின் இரண்டிலும் முதல் ஆள்.

டயரின் பக்கவாட்டில் நாலு எண் அச்சிட்டிருக்கும். எந்த வருடம், எந்த வாரம் அந்த டயர் பிறந்தது என்பதற்கு அடையாளம். வீட்டு வண்டி டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும் என்பதால் அந்த வயசு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெர்லின் காபிக் கோப்பையோடு வீடுவீடாகப் போய், கேட்காதவர் வண்டிக்கு அடியில் எல்லாம் குனிந்து அந்த எண்ணைப் படித்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். "லோவல், உன் டயருக்கு ஏழு வயசாச்சுப்பா. இதுல பேரப்புள்ளைங்கள வேற ஏத்துறியா?" என்பார். மினசோட்டாக்காரர் லோவல் ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார். "யோவ், என் டயர் வயசு தெரிஞ்ச உனக்கு என் வயசு தெரியுமாய்யா? எழுபத்தாறு. எது முதல்ல வெடிக்குதுன்னு பார்ப்போம், போ."

இவ்வளவு ஞானம் அவருக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் ஏப்ரலில் ஊரில் ஆர்டித்தின் அக்கா நெல்டா செத்துப்போனாள். தாய் இல்லாத ஆர்டித்தை வளர்த்தவள் அவள்தான். செய்தி வந்த அன்றே கிளம்பினார்கள். நியூ மெக்ஸிகோவில் ஆளரவமில்லாத ஒரு இடத்தில் வலப்பக்கத்து டயர் வெடித்தது, பத்து நிமிடத்தில் அதற்குப் பின்னால் இருந்ததும் வெடித்தது. சக்கரத்துக்கு மேலிருந்த தகடு கிழிந்து தொங்கியது. ஆள் வந்து சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அடக்கத்தின்போது நெல்டாவின் மகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாலையோரத்தில் நின்றிருந்த ஆர்டித்துக்குப் பாதிரியாரின் குரல் கேட்கவில்லை, நெப்ராஸ்காவின் காற்றுதான் கேட்டது.

அன்றிலிருந்து வெர்லின் ஒரு வருடமாக அந்த டயரைத் திட்டித் தீர்த்தார். விலை மலிவான, சீனாவில் செய்த டயர் அது. முகாமில் அதற்கு 'வெடி' என்றே பெயர். "என் மச்சினி அடக்கத்துக்குப் போக விடாம பண்ணின டயரு" என்று அவர் ஆரம்பித்தால், கேட்பவர்கள் துக்கத்துக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றுவார்கள். ஆர்டித்தும் அதை நம்பினாள். வேறெதை நம்புவது?

இந்த வருடம் பேத்தி டெஸ்ஸாவுக்குக் கல்யாணம். சனிக்கிழமை, நெப்ராஸ்காவில். குளிர்காலம் முழுக்க ஆர்டித் வண்டிக்குள் உட்கார்ந்து, துணித்துண்டுகளை ஒட்டுத் தைத்து அவளுக்கு ஒரு போர்வை தைத்தாள். அதே குளிர்காலம் முழுக்க, அன்று அவசரத்துக்கு மாட்டிய டயர்களோடு நின்ற வண்டிக்கு வெர்லின் புது டயர் தேர்ந்தெடுத்தார். வெடி வேண்டாம், அது முடிந்துபோன விஷயம். உசத்தி டயர் நல்லதுதான், ஆனால் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. நடுவில் ஒன்று இருக்கிறது, அதை ஒருத்தன் இணையத்தில் பாராட்டியிருக்கிறான், இன்னொருத்தன் அதே டயர் வெடித்த படத்தைப் போட்டிருக்கிறான். தை, மாசி, பங்குனி என்று நம் கணக்கில் மூன்று மாதம் ஓடியது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஆர்டித் காரியத்தில் இறங்கினாள்.

"வெர்லின், இன்னிக்கு டயர் மாத்தலன்னா நான் பஸ்ல போயிடுவேன். கல்யாணம் முடிஞ்சாலும் இந்த வண்டிக்குத் திரும்பி வரமாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை என்பது நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியும். பத்து மணிக்கெல்லாம் வண்டி சாலையோரத்து டயர் கடையில் நின்றது.

கடைக்காரி மரிசேலா நாற்பது வயதுக்காரி, கையெல்லாம் கரி. வெர்லின் காபிகூட வாங்கிக்கொள்ளாமல் டயரின் வரலாற்றை ஆரம்பித்தார். அவள் பாதியில் கையைக் காட்டினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். வண்டி என்ன எடை?"

"பக்கத்துலயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, படிச்சுக்கோம்மா."

"அது ஃபேக்டரிலேந்து வெறும் வயித்தோட கிளம்பினப்ப இருந்த எடை சார். கல்யாணத்தன்னிக்கு நீங்க இருந்த அளவுக்கு இப்ப பேன்ட் எடுப்பீங்களா?"

பிக்கப்பின் முன்சீட்டில் இருந்த ஆர்டித் வாய்விட்டுச் சிரித்தாள். வெர்லினின் கழுத்து சிவந்தது.

"இந்தாம்மா, முப்பத்தெட்டு வருஷம் எடை மேடைல இருந்தவன் நான். கண்ணால பாத்தே சொல்லிடுவேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அரை மைல்ல லாரிங்க நிக்கிற பங்க்ல எடை மேடை இருக்கு. ஏத்திப் பாத்து, உங்க கண்ணு சரின்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க."

"எடை போடலன்னா டயர் தரமாட்டியா?"

"தருவேனே. அது வழியில வெடிச்சா நீங்க டயரைத் திட்டுவீங்க. டயரைத் திட்டினா என் கடையையும் சேத்துத் திட்டுவீங்க. உங்க வாய் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும் சார்."

வெர்லின் திரும்பி மனைவியைப் பார்த்தார், தன் பக்கம் ஒரு வார்த்தை பேசுவாள் என்று.

"வண்டியை எடு," என்றாள் ஆர்டித்.

மேடையில் ஏறினார்கள். பொத்தானை அழுத்தியதும் சுவரிலிருந்து ஒரு பெண் குரல் பேசியது, உள்ளே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னது. வீட்டு வண்டியின் இரண்டு அச்சும் சேர்ந்து தாங்கக்கூடியது பதினாலாயிரம் பவுண்டு. சீட்டில் அந்த அச்சுகளுக்கு இருந்தது பதினைந்தாயிரத்து எழுநூறு. வெர்லின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"மேடை சரியில்ல," என்றார்.

முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை விவசாயிகள் அவரிடம் இதே இரண்டு வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்! ஒருத்தருக்காவது அவர் மறுபடி எடை போட்டுக் காட்டியதுண்டா? இங்கே இரண்டாம் தடவை எடை போட முதல் தடவைக் கட்டணத்தில் பாதிகூட ஆகாது என்று தெரிந்ததும் மறுபடி ஏற்றினார். அதே பதினைந்தாயிரத்து எழுநூறு.

கடைக்குத் திரும்பி வந்ததும், "அடுத்த ரகம் கனமான டயரையே போட்டுடு, போ," என்று தியாகி மாதிரி சொன்னார்.

மரிசேலா சீட்டைப் படித்தாள். "டயர் தாங்கும் சார். அச்சு தாங்காதே. அச்சு ஒடிஞ்சா என் கடைல வைத்தியம் கிடையாது. எதையாவது இறக்குங்க, பதினாலாயிரத்துக்குக் கீழ வரட்டும், அப்புறம் பேசலாம்."

வெர்லினுக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. "ஆர்டித், அந்தத் தையல் மிஷினை இங்கயே விட்டுடலாம். அந்த இரும்புச் சட்டி ரெண்டு எதுக்கு? பீச் பழத்தைப் பாட்டில் பாட்டிலா அடைச்சு வச்சிருக்கியே, அது வேற."

ஆர்டித் வீட்டு வண்டிக்குள் போனாள். தையல் மிஷினைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்தாள். சட்டிகளை வைத்தாள், பாட்டில்களை வைத்தாள், பேத்திக்குத் தைத்த போர்வையையும் மடித்து மேலே வைத்தாள். டாக்டர் சொல்லி வாங்கியிருந்த, வெர்லின் ஒருநாளும் ஏறாத எடை இயந்திரத்தை உள்ளிருந்து எடுத்துவந்தாள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"என்னோடது மொத்தம் தொண்ணூத்திரண்டு பவுண்டு. மிச்சம் ஆயிரத்து அறுநூறு யாரோடது?"

"தண்ணி இருக்கும்... கேஸ் இருக்கும்..."

"தண்ணித் தொட்டி நேத்தே காலி. நீதானே திறந்துவிட்டே."

அவள் வண்டியின் பின்பக்கம் போனாள். அங்கே அடியில் ஒரு பெரிய சாமான் அறை. உள்ளே சங்கிலி, ஜாக்கி, கயிறுதான் இருக்கிறது என்று வெர்லின் எப்போதும் சொல்கிற அறை. வெர்லின் முன்னால் ஓடிவந்து, "ஆர்டித், அது என் சாமான்," என்றார். அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

வெள்ளை வாளிகள், மூடி போட்டு அடுக்கியிருந்தன. ஒரு மூடியைத் திறந்தாள். கல். அடுத்ததிலும் கல். சோபாவுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தால் அங்கேயும் வாளி. மொத்தம் இருபத்தாறு. பொறுக்குகிற கல்லை எல்லாம் ஒவ்வொரு ஏப்ரலிலும் முகாமின் கல் சேகரிப்போர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

"இவ்வளவா ஆயிடுச்சு?" என்றார் வெர்லின், யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி.

எடைக்காரர் பழக்கம் எடைக்காரரை விடுமா? ஒவ்வொரு மூடியிலும் கறுப்பு மையால் தெளிவாக எழுதியிருந்தார், எந்த மேட்டில் எடுத்தது, எந்த மாதம், எந்த வருடம் என்று. ஊரார் டயரின் பிறந்த தேதியைப் படித்துக்கொண்டு திரிந்த மனிதர் தன் கல்லுக்கும் பிறந்த தேதி போட்டிருந்தார். ஆர்டித் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்துக்கொண்டே சில வாளிகளை மட்டும் விரலால் தொட்டாள்.

"பதினஞ்சு," என்றாள்.

"என்ன பதினஞ்சு?"

"இதுல பதினஞ்சு வாளி நெல்டா சாகறதுக்கு முன்னாடி எடுத்தது. அன்னிக்கும் இந்தக் கல்லு வண்டில இருந்திருக்கு."

வெர்லின் திறந்திருந்த ஒரு வாளியை மூடினார். "டயரும் மட்டமான டயருதான், ஆர்டித்..."

"ஒரு வருஷமா எல்லார்கிட்டயும் சொன்னியே வெர்லின். என்கிட்ட சொன்னியே. நானும் அந்த டயரைச் சபிச்சுக்கிட்டே இருந்தேனே. கல்லை ஏத்திட்டு என்னை ரோட்டுல நிக்க வச்சது நீ!"

அவள் கத்தினாள். அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. மரிசேலா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெர்லினுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, எழுபத்தொரு வயதில் முதல்தடவையாகச் சரியான எடைக்கு வெட்கமாக இருந்தது.

"இதைச் சங்கத்துக்காரங்களுக்கு வித்துடலாம்," என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார். குவார்ட்ஸைட்டில் கல் விற்பது கடற்கரையில் மணல் விற்பது மாதிரிதான். ஆர்டித் தன் சட்டியையும் மிஷினையும் பாட்டில்களையும் போர்வையையும் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மதியம் இரண்டு மணி வரை வெர்லின் வாளிகளைக் காலி செய்தார். தூக்க முடியாததைக் கையால் அள்ளி அள்ளித் தள்ளுவண்டியில் போட்டு, கடையின் கம்பி வேலியோரம் கொட்டினார். கள்ளிச்செடிக்கு வரப்பு கட்ட உதவும் என்று மரிசேலா சம்மதித்திருந்தாள். மூன்றாம் தடவை மேடையில் ஏறியபோது சீட்டில் பதின்மூவாயிரத்து எழுநூறு இருந்தது.

"இப்ப எந்த டயர் வேணா போதும் சார்," என்றாள் மரிசேலா. "இருக்கறதுலயே விலை கம்மி இதுதான். புதுசு, போன மாசம் வந்தது."

அதே சீன டயர். அதே பெயர். வெடி. வெர்லின் வாயைத் திறந்தார். ஆர்டித் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, பர்ஸை எடுத்தார். பிறந்த தேதியைக்கூடக் குனிந்து படிக்கவில்லை.

நாலு டயரும் மாட்டி முடித்தபோது, ஆர்டித் வேலியோரம் போய்க் குவியலில் கிளறி ஒரு கல்லை எடுத்தாள். தேங்காய் அளவு, சிவப்பில் வெள்ளை வரி ஓடுகிற கல். அவரிடம் இருந்ததிலேயே நல்லது. வெர்லினின் முகம் மலர்ந்தது. கோபம் ஆறிவிட்டது, ஞாபகத்துக்கு ஒன்று வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தார்.

"பிடிச்சிருக்கா? அது வடக்கு மேட்டுல..."

"எனக்கு இல்ல. நெல்டாவுக்கு," என்றாள் அவள். பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருந்த அவர் மடியில் அதை வைத்தாள். "கல்யாணத்துக்கு மறுநாள் கல்லறைக்குப் போறோம். நீயே தூக்கிட்டு வந்து வை. அன்னிக்கு நான் ஏன் வரலன்னு நீயே அவகிட்ட சொல்லு. எடை எவ்வளவுன்னும் சொல்லு."

வெர்லின் கல்லை இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். வண்டி லேசாக ஓடியது. மறுநாள் நியூ மெக்ஸிகோவில், போன வருடம் டயர் வெடித்த அந்த ஆளரவமில்லாத இடம் வந்தபோது, அவர் தானாகவே வேகத்தைக் குறைத்தார். நிறுத்து என்று ஆர்டித் சொல்லவில்லை. அவர் நிறுத்தினார், இறங்கினார், டயரைப் பார்க்காமல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்துக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார்.