கழித்தலில் விழுந்த இலக்கம்

அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்றுதான் பெங்களூரிலிருந்து எலவனாசூர்கோட்டைக்கு வந்தேன். மறுநாளே ஒரு சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கிவிட்டது. புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. பட்டப்பகலில் ஆள் நடமாட்டம் இல்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது.

அப்போது நான் ஒரு மைக்ரோபிராசசரின் ஃப்ளோட்டிங் பாயிண்ட் பகுதியை, அதாவது புள்ளி வைத்த எண்களைக் கூட்டிக் கழிக்கும் பகுதியை, வடிவமைக்கும் குழுவில் இருந்தேன். அந்த வாரம் எங்கள் சர்க்யூட் படங்கள் சிப் தயாரிக்கும் தொழிற்சாலைக்குப் போகவிருந்தன. பொழுது போகாமல், கொண்டுவந்திருந்த சர்க்யூட் படத்தை விரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழித்தபோது பிழை தெரிந்தது. புள்ளிகளை நேராக்கச் சிறிய எண்ணை நகர்த்தும்போது அதன் கடைசி இலக்கம் வெளியே விழுகிறது. அதைப் பிடித்துவைக்க இடம் விட்டிருந்தோம். கழித்தலுக்குள் அது போய்ச்சேர வழி வைக்கவில்லை. ஒன்றிலிருந்து, ஒன்றைவிட மயிரிழை குறைந்த எண்ணைக் கழித்தால், சரியான விடையைப்போல் இருமடங்கு வரும்.

படங்களை அனுப்பாதீர்கள் என்று ஆபீசுக்குச் சொல்லப் போனேன்; ஊர் போஸ்ட் ஆபீஸ் போன் செத்துக்கிடந்தது. "ரிஷிவந்தியத்துல பேசலாம், வா" என்று மாமா, அக்காவின் கணவர், மொபெட்டை எடுத்தார்.

பாதி வழியில், வெட்டிப்போட்ட மரத்துக்குப் பின்னாலிருந்து கோடரிகளோடு சிலர் எழுந்தார்கள். ஒருவர் என் பையைப் பிடுங்கிப் படத்தை விரித்தார்.

"இன்னாது இது? போலீசுக்கு ரோட்டு மேப்பா?"

"இல்லைங்க. கணக்குப் போடற மெஷினுங்க."

"ரோடு மாதிரிதான் இருக்குது. யாரு வூட்டுப் புள்ள நீ?"

அவர் கேட்டது சாதியை. நான் வாயைத் திறக்கும் முன் மாமா முந்திக்கொண்டார். "என் மச்சான்ங்க. கொழந்தயப் பாக்க வந்தான். வுட்டுடுங்க."

அந்த ஆள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "படம் இங்கயே இருக்கட்டும். திரும்பிப் போங்க."

சாலை திறந்ததும் பெங்களூருக்கு ஓடினேன். படங்கள் போய்விட்டிருந்தன. நிறுத்த முடியுமா என்று குழுத் தலைவரிடம் கேட்டேன். "மாஸ்க் போட்டுட்டாங்க" என்றார். சிப்பை அச்சடிக்கும் தகடு தயாராகிவிட்டது.

இடையில் மாமா போன் செய்தார். "அன்னிக்கு மரத்தாண்ட இருந்தவங்க ரெண்டு பேரு உன்னப் பத்தி விசாரிச்சுக்கினு போனாங்க. இப்போதைக்கு இந்தப் பக்கம் வராத."

மாதங்கள் கழித்து சிப் வந்தது. அதே இரண்டு எண்களைக் கொடுத்தேன். விடை இருமடங்காக வந்தது. தலைவர் சுவிட்சை அணைத்தார். ஆபீசில் இருந்த பழைய படத்தை மேஜைமேல் விரித்து, முதலிலிருந்து வரைய உட்கார்ந்தோம்.