பன்னண்ணன் எங்கே?

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் பன்னண்ணன். ஆனால் அந்தப் பன்னுக்கு மாவு பிசைந்ததும் உருட்டியதும் சுட்டதும் அவர் மனைவிதான். கை வேலை அவளுக்கு, வாய் வேலை அவருக்கு என்று கல்யாணமான புதிதிலேயே பங்கு பிரிந்துவிட்டது. அவள் பின்கட்டில் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். முன்னால் அவர் ஆளுக்கொரு கதை விட்டு, ஒரு பன் வாங்க வந்தவரை ஒரு பை நிறைய வாங்கவைத்து அனுப்புவார்.

வருடத்துக்கு ஒருமுறை ஆற்றோர மைதானத்தில் இசை விழா நடக்கும். அங்கே இவர்களுக்கு ஒரு கூடாரம் உண்டு. வெளியூர் ஆட்கள் நிறைய வருவார்கள். அவர்களில் பலருக்கு விழா என்றால் பாதி பாட்டு, பாதி பன்னண்ணன்.

குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். இந்த வருடம் கூடாரம் வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். நாத்தனார் கேட்கவில்லை. அண்ணன் நின்ற இடத்தில் இன்னொருத்தன் நிற்பதைப் பார்க்க முடியாது, நானும் கூட வருகிறேன் என்று லீவு போட்டுவிட்டு வெளியூரிலிருந்து வந்து இறங்கினாள்.

தட்டுகளை அடுக்கி முடிப்பதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். கைக்குழந்தையும் மனைவியுமாக வந்தவர், சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்து, "பன்னண்ணன் எங்கே?" என்று கேட்டார். தவறிவிட்டார் என்று பன்னண்ணன் மனைவி சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை பன்னுக்குக் கை நீட்டியது. தகப்பன் அதன் கையைப் பிடித்து இறக்கினார், அந்த நேரத்தில் தின்பது தப்பு என்பதுபோல.

அடுத்து வந்தவரும் அதையேதான் கேட்டார். அதற்கடுத்தவரும். ஒரு பெரியவர் விக்கி விக்கி அழ, இவள்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று. வீட்டில் மாதக்கணக்கில் வாயில் எடுக்காத சொல்லை, ஒரே காலையில் பன்னோடு பன்னாக எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயிலில் குடை பிடித்து வந்த அம்மாள் கேட்டபோது, அவளை அறியாமலே வாய் வேறொன்று சொன்னது.

"இப்பதான் வெளிய போனார். வந்துடுவார்."

அவர் ஒரு இடத்தில் நிற்கிற ஆளா என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு போனாள். நாத்தனார் இடுக்கியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி இது? அண்ணன் போய் இன்னும் வருஷம் திரும்பல."

"இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லம்மா. அவ்வளவுதான்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலித் தட்டுகளைத் தடால் தடாலென்று அடுக்கினாள். சற்று நேரம் கழித்து ஒருவர் நேராக அவளிடமே போய்க் கேட்டார். அவள் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அண்ணன் டீ குடிக்கப் போயிருக்கிறார், வருகிற நேரம்தான் என்று சொல்லிவிட்டு, கூடாரத்துக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

அதன் பிறகு வேலை ஓடியது. அவர் மாவு வாங்கப் போனார், மேடைப் பக்கம் போனார், சிநேகிதரைப் பார்க்கப் போனார். ஒருமுறை மேடைப் பக்கம் என்று சொன்ன கையோடு அண்ணியே அந்தத் திசையில் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் கிளாரினெட்காரர் வந்தார். அவரும் பன்னண்ணனும் வருஷாவருஷம் இங்கே பார்த்துப் பழகியவர்கள். மேடை ஏறுமுன் நின்றபடியே ஒரு பன் தின்பார். உன் மூச்செல்லாம் என் பன்தான் என்று பன்னண்ணன் அவரைக் கிண்டல் செய்யாமல் விட்டதில்லை. கறுப்புக் கோட்டும் வாரிய தலையுமாக வந்து நின்றவரிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. சாமான் எடுக்கப் போயிருக்கிறார் என்றாள்.

"முடிச்சுட்டு வரேன் தங்கச்சி. எங்கயும் நழுவிடாம பிடிச்சு வைங்க அவனை."

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. இந்தப் பாட்டு பன் கூடாரத்தில் நிற்கும் என் சிநேகிதனுக்கு என்றார். மைதானமே திரும்பிப் பார்த்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார்தான் கையைத் தூக்கி ஆட்டினாள். கிளாரினெட் குறும்பாகத் துள்ளிக்கொண்டு கிளம்பியது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். பாட்டு முடியும்வரை அவள் மேசை விளிம்பை விடவில்லை.

வாத்தியப் பெட்டியோடு வியர்க்க விறுவிறுக்க வந்தவர், கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனாள்.

"அவர் இல்லீங்க. குளிர்காலத்துலயே போயிட்டார்."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் கேட்டப்ப?"

"நீங்க போய் வாசிக்கணுமேன்னு..."

"ஆடறதுக்கு வாசிச்சேனே, தங்கச்சி. தெரிஞ்சிருந்தா அவனுக்கு வேற வாசிச்சிருப்பேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். காலையிலிருந்து தன் பாரத்தை இறக்குவதாக நினைத்து, இன்னொருவர் அழுதுகொள்ள வேண்டியதைப் பிடுங்கிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிச்சுடுங்க என்று சொல்ல வாய் திறந்தாள். அழுகைதான் வந்தது. கூட்டம் பார்க்கிறது என்ற நினைப்பும் இல்லாமல் அழுதாள்.

அவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அவளை உட்காரவைத்தார். தானும் புல்லில் கோட்டோடு உட்கார்ந்தார். அழுகை அடங்கும்வரை இருந்துவிட்டு, எப்படி நடந்தது என்று கேட்டார்.

அன்று முழுக்க அதை யாரும் கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார்கள். அவள் முதலிலிருந்து சொன்னாள். விடியும்போது அவர் எழுந்து வந்து அடுப்பருகில் குளிர் காய்ந்ததை, இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னதை, இவள் மாவுக் கையோடு திரும்பிப் பார்க்காமலே போய்ப் படுங்கள் என்றதை.

நாத்தனார் வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் இதை இதுவரை கேட்டதில்லை.