சிற்றலையில் மனைவியின் பெயர்

முதலில் ஃபேன் நிற்கும். அடுத்து ஃப்ரிட்ஜ். அப்புறம் டியூப்லைட். ஆவடி வெயிலில் வெந்த வீட்டுக்குள் வியர்த்து வழிந்தபடி, ஹாஜா மொய்தீன் ரேடியோவின் திருகைக் கடுகு உருட்டுவதுபோல் உருட்டுவார்.

"இன்னாங்க, புழுங்கியே சாகணுமா?" என்பாள் மனைவி அஷ்ரஃபுன்னிசா.

"கம்முனு கெட நிசா. கரண்டு ஓடுனா ஷார்ட்வேவுல இரைச்சல் வருது."

பட்டாளத்தில் இருபது வருடம். அதில் இரண்டு குளிர்காலம், இமயமலையில் காக்கைகூட எட்டிப் பார்க்காத ஒரு காவல் முகாம். எட்டுப் பேர், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. தமிழ் தெரிந்தவர் இவர் ஒருவரே. மாலையில் வெளிநாட்டு வானொலி ஒன்று அரை மணி நேரம் தமிழ் பேசும். குளிரில் செத்த பேட்டரியைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டு அதற்காகக் காத்திருப்பார். இன்றும் பேட்டரி மாற்றுமுன் கக்கத்தில்தான் வைக்கிறார், மே மாதத்திலும்.

நேயர் கடிதம் எழுத ஆசை வந்தது. முகாமிலிருந்து வெளிநாட்டுக்குக் கடிதம் போடக்கூடாது. அதனால் எழுதியதை மனைவிக்கு அனுப்பும் உறைக்குள் மடித்து வைப்பார். அவள் ஆவடி பருத்திப்பட்டிலிருந்து தபாலில் சேர்ப்பாள். அடியில் அவள் பெயர். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ரேடியோவைத் தூசி துடைப்பதற்கு மட்டும் தொடும் அஷ்ரஃபுன்னிசா, நேயர்கள் நடுவே பெரும்புள்ளி. பேனா, காலண்டர், சாவிவளையம் எல்லாம் அவள் பெயருக்கே வரும்.

போன ஞாயிறு, வேலப்பன்சாவடி நேயர் மன்றத் தலைவர் ராமன் சால்வையோடு வந்து நின்றார். இவள்தான் சிறந்த நேயராம். பேட்டியைச் செல்போனில் பதிந்து நிலையத்துக்கு அனுப்பவேண்டுமாம்.

"மாட்டிவுட்டுறாத," என்று சமையலறையில் கெஞ்சினார் ஹாஜா. "தெரிஞ்சா இனிமே நம்ம லெட்டரையே படிக்க மாட்டானுங்க."

வெளியாள் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ராமனின் முதுகுக்குப் பின்னால் கணவர்.

"எந்த மீட்டர் பேண்டுல கேக்குறீங்க சகோதரி?"

மூன்று விரல் எழுந்தது. பிறகு ஒற்றை விரல்.

"முப்பத்தொண்ணு."

"எப்டி கேக்குது?"

கட்டைவிரல் உயர்ந்தது.

"நல்லாத்தான் கீது."

"ரொம்ப நாளா எனக்கு ஒரு டவுட்டு. பனியில ஏரியல் ஒடிஞ்சிடுச்சுன்னு ஒரு தபா எழுதியிருந்தீங்க. நம்ம பருத்திப்பட்டுல ஏதும்மா பனி?"

ஹாஜா அவசரமாக ஃப்ரிட்ஜைக் காட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சிரிப்போடு உண்மையும்.

"பனி, அவரு வேலை பாத்த எடத்துலண்ணா. எழுதுனது பூரா அவருதான். நான் ஸ்டாம்பு ஒட்டுனதோட சரி."

ராமன் திரும்பினார். "அப்ப அவங்க பேரு எதுக்கு சார் போட்டீங்க?"

தூக்கிய கையை இறக்கினார் ஹாஜா. "அங்க மலையில காத்தால எழுந்தா எம்பேர ஏழு பேரு கத்திகினு கெடந்தானுங்க. அது ரேடியோவுல வேற வரணுமா? இவ பேரு வந்தாதான், ஊட்டுக்குப் போய்ட்டு வந்தா மாரி."

அஷ்ரஃபுன்னிசா முந்தானை நூலைப் பிரிக்கத் தொடங்கினாள். ராமன் சால்வையை விரித்துப் பிடித்தபடி, யாருக்குப் போடுவது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஹாஜா மொய்தீன் ஒரே எட்டில் முன்னால் வந்து சால்வைக்குக் கழுத்தை நீட்டினார்.